எத்தனை படி என்று முதலில் கேளுங்கள்

ரோம் நகரில் எங்கள் முதல் சண்டை இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவே ஒரு படிக்கட்டுத் திருப்பத்தில் நடந்தது. ஆளுக்கு ஒரு பெட்டி, ஒவ்வொன்றும் 23 கிலோ. விமானத்தில் இரவு முழுக்கத் தூக்கமில்லை. நாங்கள் பதிந்திருந்த விடுதி நான்காவது மாடியில் இருந்தது. மின்தூக்கி இல்லை.

“ஏங்க, லிஃப்ட் இல்லன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“போட்டிருந்துச்சு... விலை நல்லா இருந்துச்சேன்னு...”

நான் பெட்டியைப் போட்டுவிட்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. ஒரு படிக்கட்டுக்கு அழுவதா என்று உங்களுக்குத் தோன்றலாம். அந்த அழுகைக்குப் பின்னால் நான்கு வருடக் கதை இருக்கிறது.

2020-இல் எங்கள் கல்யாண அழைப்பிதழ் அச்சாகி வந்த பிறகுதான் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. மண்டபம் போனது, விருந்து போனது, தேனிலவும் போனது. பதிவுத் திருமணம் முடித்துக்கொண்டு தெலுக் பங்லிமா காராங்கில் கணவர் வீட்டுக்கு வந்தேன். அடுத்த வருடமே மாமாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரம் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்பு என்று ஆனது. கேரித் தீவுத் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த மனிதர். அவரைப் பார்த்துக்கொள்வது எங்களுக்குப் பாரமில்லை. ஆனால் சின்ன வீட்டில், மெல்லிய சுவருக்கு இந்தப் பக்கம், புதுக் கணவன் மனைவி மனம்விட்டுப் பேசக்கூடக் குரலைத் தாழ்த்த வேண்டியிருந்தது.

மாதா மாதம் சேர்த்த பணம் 18,000 வெள்ளி ஆனபோது, “போய்ட்டு வாங்க, நாங்க பாத்துக்கிறோம்” என்று அனுப்பி வைத்தவரே மாமாதான். நான் சின்ன வயதிலிருந்து படத்தில் பார்த்து ஏங்கிய ஊர்கள் ரோம், ஃபுளோரன்ஸ், வெனிஸ். மலேசியக் கடப்பிதழுக்கு இத்தாலி செல்ல முன்கூட்டியே விசா தேவையில்லை. 180 நாளில் 90 நாள் வரை தங்கலாம். விமானச் சீட்டு எடுத்தாகிவிட்டது. மீதி இருந்தது ஒன்பது இரவுக்கான அறை மட்டும். அதில்தான் தவறினோம்.

அந்த ஒன்பது இரவில் கற்றுக்கொண்டதை, முதல் முறை போகப்போகும் ஜோடிகளுக்காக எழுதுகிறேன்.

பிரிக்பீல்ட்சும் தெர்மினியும்

ரோம் விமான நிலையத்திலிருந்து நிற்காமல் ஓடும் ரயில் அரை மணி நேரத்தில் தெர்மினி நிலையத்தில் இறக்கிவிடும். தெர்மினி நம் கே.எல். சென்ட்ரல் மாதிரி. அதைச் சுற்றியுள்ள தெருக்கள் பிரிக்பீல்ட்ஸ் மாதிரி. மலிவான விடுதி, பெட்டி இழுக்கும் கூட்டம், இரவு வெகுநேரம் வரை சத்தம். பக்கத்திலேயே எஸ்கிலீனோ சந்தை இருக்கிறது. பச்சை மிளகாயும் அரிசியும் மசாலாவும் கிடைக்கும். மூன்றாம் நாள் நாக்கு செத்துப்போனவர்களுக்கு அது பெரிய ஆறுதல்.

அங்கே ஒரு பழைய கட்டடத்துக்குள் மாடிக்கு ஒன்றாக வெவ்வேறு பெயரில் விடுதிகள் இருக்கும். தெருவில் ஒரே கதவு, அதில் பல அழைப்பு மணிகள். படத்தில் அழகான அறை தெரியும். அதற்குப் போகும் படி தெரியாது. பழைய கட்டடங்களில் கூரை உயரம். ஆகவே அவர்களுடைய நான்கு மாடி, நம் ஊர்க் கடைவீட்டின் நான்கு மாடியைவிட நன்றாகவே நீளும். நான் எண்ணிப் பார்த்தேன், 92 படி. ஒரு நாளில் நான்கு தடவை.

தெர்மினிக்கும் கொலோசியத்துக்கும் நடுவில் மொந்தி என்றொரு பகுதி இருக்கிறது. சின்னச் சின்னச் சந்துகள், குடும்பங்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடைகள். ரயில் நிலையமும் கொலோசியமும் இரண்டுமே நடந்து போகும் தூரம். அடுத்த முறை ரோம் என்றால் நான் அங்கேதான் தேடுவேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் உள்ள திராஸ்தெவெரே கண்ணுக்கு அழகு. ஆனால் இரவு முழுக்கக் கொண்டாட்டம். காலை நிகழ்ச்சிக்காக நாலு மணிக்கே எழுந்து பழகிய என்னைப் போன்றவர்களுக்கு அது சரிப்படாது. எந்தப் பகுதியானாலும், தெருவைப் பார்த்த அறை வேண்டாம், உள்முற்றத்தைப் பார்த்த அறை கொடுங்கள் என்று பதியும்போதே எழுதிக் கேளுங்கள். சன்னலில் காட்சி குறையும், தூக்கம் கூடும்.

ஒரு சொல், இரண்டு கட்டில்

ஜோடிகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய இத்தாலியச் சொல் ஒன்று உண்டு: ‘மத்ரிமோனியாலே’. அதாவது தம்பதிக்கான ஒரே பெரிய கட்டில். ‘தோப்பியா’ என்று போட்டிருந்தால் பெரும்பாலும் இரண்டு தனித்தனிக் கட்டில். ஆங்கிலத்தில் டபுள் என்று நினைத்துத் தோப்பியாவைப் பதிந்துவிட்டு, தேனிலவில் ஆளுக்கொரு சுவரோரம் படுக்க வேண்டாம். ‘பிரெஞ்சுக் கட்டில்’ என்று இன்னொன்றும் கண்ணில் படும். அது இருவருக்கு நெருக்கமான அகலம். புதுமணத் தம்பதிக்குப் பரவாயில்லை. ஆறாம் வருடத் தம்பதிக்குச் சிரமம்.

குளியலறையில் ஒரு நல்ல செய்தி. ஐரோப்பாவில் தண்ணீருக்கு என்ன செய்வது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கவலைப்படுவார்கள். இத்தாலியில் அந்தக் கவலை குறைவு. கழுவுவதற்கென்றே ‘பிதே’ என்ற தனித் தொட்டி பெரும்பாலான விடுதிகளில் உண்டு. வீடுகளில் அது இருக்க வேண்டும் என்று 1975-லேயே விதி போட்ட நாடு அது.

கெட்ட செய்தியும் ஒன்று. பல அறைகளில் கெண்டி இருக்காது. ராத்திரி மைலோ, அவசரத்துக்கு மெகி என்று பழகியவர்கள் சின்னக் கெண்டி ஒன்றையும், நம் மூன்று முள் செருகியை அவர்களுடைய துளைக்குப் பொருத்தும் மாற்றியையும் எடுத்துப் போங்கள். விடுதிக் காலைச் சாப்பாடு பெரும்பாலும் இனிப்புதான். பிறை வடிவ ரொட்டி, கப்புச்சினோ, பழக்கூழ். சாம்பார் கனவை விமான நிலையத்திலேயே விட்டுவிடுங்கள்.

ஃபுளோரன்ஸில் ஒரு சாவி

ரோமிலிருந்து வேக ரயிலில் ஒன்றரை மணி நேரம். ஃபுளோரன்ஸ் விடுதியை ரோம் படிக்கட்டில் உட்கார்ந்த அன்றிரவே நான் மாற்றினேன். பழைய பதிவை இலவசமாக இரத்து செய்ய இன்னும் ஒரு நாள் மிச்சம் இருந்தது. இங்கே ஒரு பாடம்: திருப்பித் தரமாட்டோம் என்ற மலிவு விலைக்கு மயங்காதீர்கள். முதல் பயணத்தில் தவறு நடக்கும். அதைத் திருத்திக்கொள்ளும் உரிமைக்குத்தான் அந்தக் கூடுதல் முப்பது நாற்பது வெள்ளி.

புது இடத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் அவர்களுக்கு ஒரே ஒரு கேள்வி அனுப்பினேன். “தெருக்கதவிலிருந்து எங்கள் அறை வரை எத்தனை படி?” மூன்று இடங்களுக்கு எழுதினேன். ஒன்று பதிலே போடவில்லை. ஒன்று ‘கொஞ்சம்தான்’ என்றது. மூன்றாவது, ‘தெருவில் ஆறு படி, பிறகு இரண்டு பேர் நிற்கும் மின்தூக்கி’ என்றது. அதைத்தான் எடுத்தோம். எண்ணிச் சொல்கிறவர் மற்ற விஷயத்திலும் நேர்மையாக இருப்பார் என்று நம்பினேன். நம்பிக்கை வீண் போகவில்லை.

ஆர்னோ ஆற்றின் தென்கரை அது. 1345-இல் கட்டிய பழைய பாலத்தைத் தாண்டினால் போதும், கூட்டம் பாதியாகக் குறைந்துவிடும். பேராலயத்தின் மாபெரும் குவிமாடம் தூரத்தில் தெரியும். மறுநாள் காலை அதன் 463 படியையும் ஏறினோம். அது நாங்களாகத் தேடிப்போன படி; கையில் பெட்டி இல்லாததால் ஒரு முறைகூட முணுமுணுக்கவில்லை.

விடுதியை நடத்திய வயதான அம்மா நாங்கள் பேசுவதைக் கேட்டு, என்ன மொழி என்றார். தமிழ் என்றோம். அவருக்குத் தெரியவில்லை. இத்தாலியிலிருந்து வந்து தமிழ் படித்துத் ‘தேம்பாவணி’ எழுதிய வீரமாமுனிவரைப் பற்றி என் கணவர் கைகளையெல்லாம் ஆட்டிச் சொன்னார். 1680-இல் மாந்துவா பக்கம் பிறந்தவர் என்று சொன்னதும் அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. மூன்று இரவும் கதவைச் சாத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்தாமல், நாங்கள் இருவரும் வாய்விட்டுப் பேசினோம். நான்கு வருடத்தில் எனக்கு அது புதிது.

காரில் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இந்தப் பழைய நகரங்களின் நடுப்பகுதி, அனுமதி பெற்ற வாகனங்களுக்கு மட்டும்தான். காமிரா பிடித்துவிடும், அபராதக் கடிதம் வீடு தேடி வரும். வாடகைக் கார் எடுப்பவர்கள் விடுதியிடம் முதலில் கேளுங்கள்.

கிள்ளானில் தங்கி கோலாலம்பூர் பார்ப்பதா?

வெனிஸில் கணவர் மூன்று இரவையும் மெஸ்த்ரேயில் பதிந்திருந்தார். அது தீவுக்கு வெளியே, நிலப்பகுதியில் உள்ள சாதாரண நகரம். விலை பாதிதான். கிள்ளானில் தங்கி, கொமுட்டர் பிடித்துக் கோலாலம்பூர் பார்க்கிற மாதிரி என்றார். உண்மையில் அதைவிட வசதி. கிள்ளானிலிருந்து கே.எல். சென்ட்ரலுக்கு ஒரு மணி நேரம். மெஸ்த்ரேயிலிருந்து வெனிஸுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம். பெட்டியோடு பாலம் ஏற வேண்டியதில்லை. வெனிஸுக்குள் நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள், பெரும்பாலும் படிக்கட்டுப் பாலங்கள். கார் இல்லை, மோட்டார் சைக்கிள் இல்லை. படகுப் பேருந்தில் ஒரு தடவை ஏற 9.50 யூரோ, நம் காசுக்கு ஏறக்குறைய 47 வெள்ளி. கையிருப்பு குறைவு, முழங்கால் வலி, குழந்தை என்றால் மெஸ்த்ரே தப்பே இல்லை.

ஆனால் முதல் நாள் மாலை ஏழு மணிக்கு, எல்லாரோடும் சேர்ந்து நாங்களும் ரயில் நிலையத்துக்குத் திரும்பி நடந்தபோதுதான் கவனித்தேன். ஊர் அப்போதுதான் மூச்சு விட ஆரம்பித்திருந்தது. சந்தில் ஒரு வீட்டில் விளக்கு எரிந்தது. வாய்க்காலில் தண்ணீர் சுவரைத் தட்டும் சத்தம் கேட்டது. பகல் முழுக்கக் கேட்காத சத்தம்.

அன்றிரவு கணக்குப் போட்டோம். கடைசி இரவின் மெஸ்த்ரே அறைப் பணம் திரும்பாது. 380 வெள்ளி போச்சு. தீவுக்குள் ஓர் அறை 900 வெள்ளி. நான் வேண்டாம் என்றேன். கணவர்தான் சொன்னார், “ரோம்ல மிச்சம் புடிச்சி உன்ன அழ வச்சேன். இது என் கணக்கு.” கன்னரெஜோ பகுதியில், ரயில் நிலையத்தின் பக்கமே, பெரிய வாய்க்காலைத் தாண்ட வேண்டாத அறை எடுத்தோம். இரவு பதினொரு மணிக்கு ஆளில்லாத பாலத்தில் நின்றோம். பயணத்தில் எங்களுக்கு அதிகம் செலவான இரவு அது. இன்றும் நாங்கள் அதிகம் பேசுவது அதைப் பற்றித்தான்.

மூன்று இரவில் ஓர் இரவாவது உள்ளே தங்குங்கள் என்பதே என் யோசனை. 2024 முதல், கூட்டம் மிகும் நாள்களில் பகலில் மட்டும் வந்து போகிறவர்களிடம் வெனிஸ் நுழைவுக் கட்டணமும் வாங்குகிறது. தங்குகிறவர்களுக்கு அது கிடையாது.

ரசீதில் ஏறும் பணம்

இன்னும் சில செய்திகள். இத்தாலிய நகரங்களில் சுற்றுப்பயணி வரி உண்டு. நம் நாட்டில் வெளிநாட்டினர் ஓர் அறைக்கு இரவுக்கு 10 வெள்ளி கட்டுகிறார்கள் அல்லவா? அங்கே அறைக்கு அல்ல, ஆளுக்கு. ரோமில் மூன்று நட்சத்திர விடுதி என்றால் ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு 6 யூரோ. இருவர், மூன்று இரவு, 36 யூரோ. பதியும்போது கட்டிய விலையில் பெரும்பாலும் இது சேர்ந்திருக்காது.

கடப்பிதழைக் கேட்பார்கள், பயப்பட வேண்டாம். விருந்தினர் விவரத்தைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது அங்கே சட்டம். விடுதி அல்லாமல் வீட்டை வாடகைக்கு எடுப்பவர்கள், விளம்பரத்தில் தேசிய அடையாள எண் இருக்கிறதா என்று பாருங்கள். 2025 ஜனவரி முதல் அது கட்டாயம். எண் இல்லாத வீடு என்றால் ஒதுங்கிவிடுங்கள்.

வீடா, விடுதியா என்பதில் இன்னொரு கோணமும் உண்டு. வெனிஸ் தீவு நகரில் இப்போது 50,000 பேர்கூட வசிக்கவில்லை. குடியிருந்த வீடுகள் பல நம்மைப் போன்றவர்களுக்கு வாடகை அறைகளாகிவிட்டன. ஃபுளோரன்ஸ் 2023-இல் பழைய நகரப் பகுதியில் புதிய குறுகிய கால வாடகை வீடுகளுக்குத் தடை போட்டது. நாம் தேடிப்போகும் ஊரில் ஊர்க்காரர்கள் இருக்க வேண்டும் என்றால், குடும்பம் நடத்தும் சின்ன விடுதியைத் தேடுவது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது.

திரும்பி வந்ததும் மாமா கேட்ட முதல் கேள்வி, கொலோசியம் எப்படி என்பதல்ல. “ரூம்பு வசதியா இருந்துச்சாம்மா?” லயத்து வீட்டில் பிறந்து, லயத்து வீட்டிலேயே பிள்ளைகளை வளர்த்தவர். அவரும் அத்தையும் இதுவரை ஒரு விடுதியில்கூடத் தங்கியதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சிகிச்சை திங்கள், புதன், வெள்ளி. சனிக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை திரும்பலாம். அடுத்த மாதம் அவர்களுடைய நாற்பதாம் திருமண நாளுக்கு மலாக்காவில் அறை பதிந்திருக்கிறேன். அதுவும் பழைய நகரம்தான், பழைய கடைவீடுகளை மாற்றிய விடுதிகள்தான். நான்கு இடங்களுக்குத் தொலைபேசியில் அழைத்தேன். நான்கிடமும் ஒரே கேள்வி.

எடுத்திருப்பது தரைத்தள அறை. ஒரே ஒரு படி. பெரிய கட்டில் ஒன்று.