தொடத் தெரிந்த கைகள்

ஷொர்ணூர் சந்திப்பில் ரயிலை விட்டு இறங்கி, பாரதப்புழைப் பாலத்தைக் கடந்தால் அக்கரையில் செறுதுருத்தி. இந்தப் பக்கம் பாலக்காடு மாவட்டம், அந்தப் பக்கம் திருச்சூர் மாவட்டம். ஆனைமலையில் பிறந்து, பொள்ளாச்சிப் பக்கத்துத் தண்ணீரையும் சேர்த்துக்கொண்டு வரும் ஆறு, கோடையில் வெறும் மணல்வெளியாகக் கிடக்கும். ஜூன் பிறந்து மழை வலுத்தால் கரையைத் தொட்டு ஓடும். செறுதுருத்தியில் உடம்புக்கு எண்ணெய் ஏறும் பருவமும் அதுதான்.

விடிய வெகுநேரம் இருக்கும்போதே கேரள கலாமண்டலத்தில் விளக்கு எரியத் தொடங்கிவிடும். கதகளி மாணவர்கள் மேலெல்லாம் எண்ணெய் பூசிக்கொண்டு, குதித்து, காலை வீசி, வியர்த்து விறுவிறுக்கப் பயிற்சி செய்வார்கள். பிறகு ஒவ்வொருவராகப் பாயில் படுக்க, ஆசான் மேலே ஒரு பிடியைப் பற்றிக்கொண்டு, தன் பாதத்தால் முதுகையும் தொடையையும் அழுத்தி உழிவார். இதற்கு 'உழிச்சில்' என்று பெயர். வளர்ந்த ஒரு மனிதரின் எடை ஒரு சிறுவனின் எலும்பின் மேல் இறங்குகிறது. எவ்வளவு இறங்கலாம் என்பதற்கு எழுதி வைத்த கணக்கு எதுவும் கிடையாது. அந்த ஆசானும் ஒரு காலத்தில் இதே போலப் படுத்து மிதிபட்டவர். எந்த அழுத்தத்தில் தசை இளகும், எதைத் தாண்டினால் உயிர்போக வலிக்கும் என்பதை அவர் தன் உடம்பிலேயே படித்தவர்.

1930-ல் இந்த நிறுவனத்தை மணக்குளம் முகுந்த ராஜாவுடன் சேர்ந்து தொடங்கிய கவிஞர் வள்ளத்தோள் நாராயண மேனன், இளமையில் மாமாவிடம் வைத்தியம் கற்றவர். பின்னாளில் கேட்கும் சக்தியை இழந்தவர். பக்கத்து ரயில் நிலையத்துக்கே 'வள்ளத்தோள் நகர்' என்றுதான் பெயர். அதே செறுதுருத்தியில் மத்திய அரசின் பஞ்சகர்மா ஆய்வு நிலையமும் இருக்கிறது. நோயாளிகளுக்குச் சிகிச்சை, ஆராய்ச்சி ஆகியவற்றோடு பஞ்சகர்மா டெக்னீஷியன்களுக்கு ஓராண்டுப் பயிற்சியும் அங்கே அளிக்கப்பட்டு வந்திருக்கிறது. ஆக, ஒரே ஊரில் இரண்டு பள்ளிகள். ஒன்றில் காலால் தொடுகிறார்கள், மற்றதில் கையால்.

அந்தக் கைகளுக்குத்தான் இன்று நாடெங்கும் கிராக்கி. கோவளம், குமரகம், கோவா, ரிஷிகேஷ் என்று எங்கே போனாலும் ஓட்டல் வரவேற்பறையில் ஸ்பாவுக்குத் தனி விலைப்பட்டியல் வைத்திருக்கிறார்கள். 'ஸ்பா' என்பது பெல்ஜியத்தில் ஊற்றுநீருக்குப் பேர்போன ஓர் ஊரின் பெயர். அங்கே தண்ணீர், இங்கே எண்ணெய். பட்டியலில் எண்ணெயின் பெயர் இருக்கும், மூலிகையின் பெயர் இருக்கும், நிமிடக் கணக்கு இருக்கும். கை மட்டும் யாருடையது என்று இருக்காது.

பழைய வைத்தியம் அப்படி விட்டுவிடவில்லை. கேரள வைத்தியர்கள் தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்துவரும் அஷ்டாங்க ஹ்ருதயம், சிகிச்சைக்கு நான்கு கால்கள் என்கிறது: வைத்தியர், மருந்து, பணிவிடை செய்பவர், நோயாளி. வள்ளுவரும் மருத்துவத்தை இதே நான்காகத்தான் பிரிக்கிறார். பணிவிடை செய்பவருக்கு அவர் தரும் பெயர் 'உழைச்செல்வான்'. அஷ்டாங்க ஹ்ருதயம் ஒரு படி மேலே போய், அவரிடம் இருக்க வேண்டிய குணங்களையும் வரிசைப்படுத்துகிறது: பரிவு, சுத்தம், திறமை, புத்தி. இன்றைய ஸ்பா பயிற்சிப் பாடத்திட்டம் எதை எடுத்துப் பார்த்தாலும் இந்த நான்கில்தான் அடங்கும்.

முதலில் திறமை. அப்யங்கம் என்ற எண்ணெய்த் தேய்ப்பு பார்வைக்குச் சுலபம். கை கால்களில் நீள வாட்டில் தடவ வேண்டும், மூட்டுகளில் வட்டமாக. வயிற்றில் கடிகார முள் போகும் திசையில், குடல் போகும் வழியை ஒட்டி. எண்ணெயை நேராக அடுப்பில் வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்குவார்கள். சூட்டைப் பார்ப்பது புறங்கையில். உள்ளங்கை வேலை செய்து காய்த்துப் போயிருக்கும். அதன் சாட்சியை நம்ப முடியாது.

பெயர்கள் தமிழ்க் காதுக்கு அந்நியமில்லை. 'பிழிச்சில்' என்றால் பிழிவதுதான். வெதுவெதுப்பான எண்ணெயில் துணியை நனைத்து, உடம்பின் மேல் தாரையாகப் பிழிந்துகொண்டே மற்றக் கையால் தடவ வேண்டும். படுக்கை, எண்ணெய் வழிந்து சேர்வதற்கு விளிம்பு கட்டிய மரத்தோணி. இரு பக்கமும் ஆட்கள் நின்று ஒரே வேகத்தில் செய்ய வேண்டும். வலப்பக்கக் கை தோளில் இருக்கும்போது இடப்பக்கக் கை இடுப்பில் இருக்கக் கூடாது. வழிந்த எண்ணெய் ஆறுவதற்குள் திரும்பச் சூடேறி வர வேண்டும்.

'ஞவரக்கிழி'யில் வரும் கிழி, நமது பொற்கிழியில் உள்ள அதே கிழிதான். சுமார் 60 நாளில் விளையும் ஞவரை அரிசியைப் பாலிலும் குறுந்தொட்டிக் கஷாயத்திலும் குழைய வேகவைத்து, துணியில் முடிந்து, சூடாக ஒற்றித் தேய்ப்பார்கள். இரண்டு கிழி உடம்பில் ஓடும்போது இரண்டு கிழி பாத்திரத்தில் சூடாகிக்கொண்டிருக்கும். நெற்றியில் எண்ணெய் ஒழுக்கும் தாரைக்குப் பாத்திரத்தின் உயரம் சுமார் நான்கு விரற்கடை. ஒழுக்கு அறுந்துவிடக் கூடாது, கண்ணில் விழக் கூடாது. முக்கால் மணி நேரம் அந்தப் பாத்திரத்தை ஆட்டிக்கொண்டு நிற்பவர் கவனம் ஒரு கணம் சிதறினாலும், படுத்திருப்பவருக்குத் தெரிந்துவிடும்.

இதெல்லாம் கை பழகினால் வந்துவிடும். கடினமான பாடம் புத்தி: எப்போது தொடக் கூடாது என்பது. காய்ச்சல் இருந்தால் வேண்டாம். அஜீரணம் இருந்தால் வேண்டாம். வாந்தி, பேதிக்குக் கொடுத்துச் சுத்தி செய்த கையோடு வேண்டாம் என்கிறது பழைய நூல். தோலில் தொற்று, அடங்காத ரத்தக் கொதிப்பு, கர்ப்பம் என்றால் டாக்டரைக் கேட்காமல் கை வைக்கக் கூடாது என்கிறது புதிய பாடம். நீண்ட விமானப் பயணம் முடித்து வந்த ஒருவர், ஒரு காலின் ஆடுசதை மட்டும் வீங்கி வலிக்கிறது, அங்கே நன்றாக அழுத்துங்கள் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உள் நரம்பில் ரத்தம் உறைந்திருந்தால், அழுத்துகிற அழுத்தில் அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் உயிரையே குடிக்கலாம். பணம் கட்டிய விருந்தாளியிடம், "முதலில் டாக்டரைப் பாருங்கள்" என்று சொல்ல ஒரு தெரபிஸ்ட்டுக்கு உடற்கூறு தெரிந்திருந்தால் மட்டும் போதாது. சொன்னதற்காக வேலை போகாது என்ற தைரியமும் வேண்டும்.

சுத்தமும் பரிவும் ஒன்றோடொன்று ஒட்டியவை. நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும், மோதிரம், வளையல் கூடாது. ஒருவருக்குப் போட்ட விரிப்பு இன்னொருவருக்கு ஆகாது. தேய்க்கிற பகுதியைத் தவிர மற்ற இடத்தைத் துணியால் மூடியே வைத்திருப்பது, ஓர் இடத்தில் கை வைக்கும் முன் கேட்டுக்கொள்வது, முகம் சுளிக்கிறதா என்று பார்த்து அழுத்தத்தைக் குறைப்பது, பேச விரும்பாதவரிடம் பேசாமலிருப்பது ஆகிய எல்லாமே பாடங்கள்தான். தன் உடம்பைக் காப்பதும் ஒரு பாடம். கட்டைவிரலாலேயே அழுத்தி வேலை செய்பவருக்கு விரலும் மணிக்கட்டும் சீக்கிரமே போய்விடும். காலை அகட்டி ஊன்றி, உடம்பின் எடையைச் சாய்த்துக் கைக்கு அனுப்பத் தெரிந்தவர்தான் நீடிக்க முடியும்.

இவ்வளவையும் எத்தனை நாளில் கற்றுக்கொள்வது? இங்கேதான் தகராறு. செறுதுருத்தியின் கணக்கு ஓராண்டு. மத்திய அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் ஸ்பா தெரபிஸ்ட் வேலைக்கென்றே தேசிய அளவில் தகுதி நிர்ணயித்திருக்கிறார்கள். அதற்குச் சில நூறு மணி நேரம். கோவளம் போன்ற கடற்கரைகளிலோ, வெளிநாட்டுப் பயணிகளுக்குச் சில நாட்களிலேயே 'ஆயுர்வேத மசாஜ்' சொல்லிக்கொடுத்துச் சான்றிதழும் கொடுப்பவர்கள் உண்டு. மூன்று சான்றிதழ்களும் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினால் ஒன்று போலவே இருக்கும்.

கேரள சுற்றுலாத் துறை இதை உணராமலில்லை. ஆயுர்வேத மையங்களுக்கு 'கிரீன் லீஃப்', 'ஆலிவ் லீஃப்' என்று தர முத்திரை தந்துவந்த காலத்தில் அது வைத்த நிபந்தனைகளில், தகுதி பெற்ற டாக்டர் இருக்க வேண்டும், அங்கீகாரம் பெற்ற இடத்தில் பயின்ற ஆட்கள் இருக்க வேண்டும், ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண்தான் தேய்க்க வேண்டும் என்பவை முக்கியமானவையாக இருந்தன. தேய்க்கும் மேசை 7 அடிக்கு இரண்டரை அடியாவது இருக்க வேண்டும் என்றுகூட விதி சொன்னது. மேசையின் நீளத்தை டேப் வைத்து அளந்துவிடலாம். கையின் பக்குவத்தை அளக்க டேப் கிடையாது.

வைத்தியருக்கு இந்தத் தொல்லை இல்லை. 1902-ல் கோட்டக்கல்லில் ஆரிய வைத்தியசாலையைத் தொடங்கிய பி.எஸ். வாரியர், 1917-ல் கோழிக்கோட்டில் ஆயுர்வேதப் பாடசாலை திறந்தார். பிறகு அது கோட்டக்கல்லுக்கு வந்து கல்லூரியாக வளர்ந்தது. நான்கு கால்களில் வைத்தியர் என்ற காலுக்கு இப்படிப் பாடத்திட்டம், பட்டம், பதிவு எல்லாம் நூறாண்டில் வந்து சேர்ந்தன. மருந்து என்ற காலுக்குத் தொழிற்சாலைகள் வந்தன. உழைச்செல்வான் மட்டும் நெடுங்காலம் பெயரில்லாமல், வைத்தியசாலையின் பின்கட்டிலேயே நின்றார்.

இப்போது அவருக்குப் பெயர் கிடைத்திருக்கிறது. கூடவே சந்தேகமும். மசாஜ் என்ற பெயரில் வேறு தொழில் நடத்துபவர்கள் இருப்பதால், ஒழுங்காகக் கற்று வந்த பெண்ணும் ஊரில் தன் வேலையைச் சொல்லத் தயங்குகிறாள். சென்னை, பெங்களூர், டெல்லி ஸ்பாக்களில் வேலை பார்க்க மணிப்பூரிலிருந்தும் மிசோரத்திலிருந்தும் வரும் பெண்களுக்கு இந்தப் பார்வை இரட்டைச் சுமை. 2021-ல் டெல்லி அரசு கொண்டுவந்த விதிமுறைகள், ஆண் பெண் மாறித் தேய்ப்பதைத் தடை செய்ததோடு, வேலை செய்பவர்களுக்கு உரிய படிப்போ சான்றிதழோ வேண்டும் என்றும் கூறின. தடை பற்றிய வழக்கு உயர் நீதிமன்றம் வரை போயிற்று. சான்றிதழ் பற்றி அவ்வளவு பேச்சு எழவில்லை. ஸ்பாவுக்குள் தவறு நடக்கிறதா என்று பார்க்கும் கண்கள் அதிகம். அங்கே வேலை சரியாக நடக்கிறதா என்று பார்ப்பவர்கள் குறைவு. படுத்திருப்பவரின் உயிரும் நிற்பவளின் மானமும் இரண்டாவது கேள்வியைத்தான் நம்பியிருக்கின்றன. நன்றாகப் பயின்றவளை எல்லோருக்கும் அடையாளம் தெரிந்தால், போலியும் தானே தனியாகத் தெரிந்துவிடும்.

கர்க்கடகம் என்பது நமது ஆடி. மழைக்கு இளகிய உடம்பில் எண்ணெய் நன்றாக ஏறும் என்று கேரளத்தில் அந்த மாதத்தைச் சிகிச்சைக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அந்தச் சமயத்தில் பயிற்சிக்கூடங்களில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். மாணவர்கள் ஒருவர்மீது ஒருவர் செய்து பழகுவது வழக்கம். இன்று தேய்ப்பவள் நாளை படுப்பாள். எண்ணெய் ஒரு துளி அதிகமாகச் சுட்டால் எப்படியிருக்கும், பழகாத கை முதன்முதலாக முதுகில் படும்போது உடம்பு எப்படிச் சுருங்கும் என்பதெல்லாம் அப்போது அவளுக்கே தெரிந்துவிடும். கதகளி ஆசானின் கால் படித்த பாடமும் இதுதான். சில நாள் படிப்பில் விட்டுப்போவது பெரும்பாலும் இந்தப் பாதி: தேய்க்கக் கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள், படுக்க வைக்க நேரம் இருப்பதில்லை.