பாதி கட்டிய வீடு

டிராய் நகரப் போர் என்றதும் அக்கிலீசும் ஹெக்டருமே நம் நினைவுக்கு வருகின்றனர். ஹோமரின் 'இலியட்' காவியத்தைப் படிக்குந்தோறும் என் மனம் வேறொருவனிடம் போய் நிற்கிறது. அவன் பெயர் புரோட்டெசிலாஸ். காவியம் தொடங்குமுன்பே மாண்டுபோனவன்.

இரண்டாம் காண்டத்தில் கப்பல்களின் நீண்ட பட்டியல் ஒன்று வருகிறது. பொறுமையற்றோர் தாண்டிச் செல்லும் பகுதி. தெசாலி நாட்டின் பிலாக்கே பகுதியிலிருந்து 40 கப்பல்களோடு புறப்பட்டவன் இவன் என அங்கே அறிகிறோம். கிரேக்கர் அனைவருக்கும் முன்பாகக் கரையில் குதித்தான். குதிக்கையிலேயே எதிரி ஒருவனால் வீழ்த்தப்பட்டான். கொன்றவனின் பெயரைக்கூட ஹோமர் அங்கே சொல்லவில்லை. ஆனால் ஊரில் அவன் விட்டுவந்தவற்றைச் சொல்லுகிறார்: கன்னங்களைக் கீறிக்கொண்டு அழும் மனைவி, பாதி கட்டிய வீடு. படைத்தலைமையைத் தம்பி பொதார்கீஸ் ஏற்றான். வீட்டை யார் ஏற்றார் என்ற செய்தி இல்லை.

டிராய் மண்ணில் முதலில் கால் வைப்பவன் மடிவான் என்ற தெய்வவாக்கைப் பிற்காலத்தார் கதையில் சேர்த்தனர். ஹோமரிடம் அது இல்லை; எனக்கு ஹோமரே போதும். சாவை அறிந்து குதித்தவனை வியக்கலாம். திரும்பிச் சென்று கூரை வேயலாம் என்றெண்ணிக் குதித்தவனுக்காகவே நெஞ்சு கனக்கிறது. என் தமக்கையின் கணவர் சுவர் மட்டும் எழும்பிய வீட்டை விட்டு மறைந்தார். கட்டி முடிக்கவும் விற்கவும் மனமின்றி அவள் ஒன்பது ஆண்டுகள் இருந்தாள். மாலைதோறும் சென்று அங்கு முளைத்த செடிகளைப் பிடுங்கிவிட்டு வருவாள். அக்கிலீசின் சினத்தைவிட அந்தச் சில அடிகள் எனக்கு நெருக்கமானது அதனால்தானோ என்னவோ!

அவன் மனைவியைப் பிற்காலக் கவிஞர் லவோதாமியா என்றழைத்தனர். இறந்தவன் 3 மணி நேரம் அவளிடம் திரும்பிவரத் தேவர்கள் இசைந்தனராம். இரண்டாம் பிரிவை அவள் தாங்கவில்லை. இந்த இரக்கத்தினும் கொடியது வேறுண்டோ?

போர் முற்றியபோது ஹெக்டர் பற்றிய கப்பலும் இவனுடையதே. அதில் தீ எழக் கண்டுதான் அக்கிலீஸ் தன் தோழன் பத்ரோக்கிளசைப் போருக்கு விரைவுபடுத்துகிறான்.

டிராய்க்கு எதிர்க்கரையில், எலேயுஸ் நகரில், இவனுடைய கல்லறை இருந்தது. கி.மு. 334-இல் ஆசியா நோக்கிக் கடல் கடக்குமுன், தன் இறங்குதல் இவனுடையதினும் நற்பேறுடையதாகுமாறு வேண்டி அலெக்சாந்தர் அங்குப் பலியிட்டான். அக்கல்லறையருகே நின்ற மரங்களைப் பற்றி உரோமை அறிஞர் பிளினி எழுதியுள்ளார். கடலுக்கு அப்பால் டிராய் தெரியுமளவு உயர்ந்ததும் அவை வாடிப்போகுமாம். பின்னர் மீண்டும் துளிர்த்து வளருமாம்.