பெடல் இல்லாத மத்திமம்

"கேட்டீங்களா தம்பி, அழுதிடுச்சு பாருங்க" என்றார் பெரியவர்.

மடியில் கிடத்திய கித்தாரின் தந்திகள்மேல் எஃகு உருளையைச் சற்றே சாய்த்து அவர் எழுப்பிய மூன்று சுரங்களில் இரண்டு சரியாக விழுந்தன. மூன்றாவது அரைச்சுரம் இறங்கிவிட்டது. சதுச்ருதி தைவதம் வரவேண்டிய இடத்தில் சுத்த தைவதம். மலர்ந்து தொடங்கவேண்டிய பாட்டு, வாசலிலேயே ஒப்பாரியாகிவிட்டது. உருளையை நிமிர்த்தி வைத்து, உள்ளங்கையால் தந்திகளை அணைத்துவிட்டு, மறுபடியும் ஆரம்பித்தார். அன்று காலை மட்டும் அந்த இடத்தை அவர் முப்பது தடவைக்குக் குறையாமல் வாசித்திருப்பார்.

பினாங்கின் ஜார்ஜ்டவுனில் லெபோ சூலியாவிலிருந்து பிரியும் ஒரு சந்து. பழைய கடைவீடு ஒன்றின் மாடியில் இருக்கிறது அந்தப் பழுதுபார்க்கும் பட்டறை. கீழே அஞ்சடி நடைபாதையில் மோட்டார் சைக்கிள்கள். மேலே ஏறினால் மரத் தரை, ஈயப்பற்று வாசனை, சுவரெங்கும் கழுத்து கழன்ற கித்தார்கள். பட்டறையை நடத்துபவர் முப்பது வயதை ஒட்டிய பெண். பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலையொன்றில் சில காலம் வேலை பார்த்தவர். நுண்ணிய கம்பியைக் கையாளும் பழக்கம் அங்கே வந்தது. பெரியவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எழுபத்தைந்தைக் கடந்துவிட்டார். அவரை அந்தப் பெண் 'அங்கிள்' என்கிறார். அவர் 'பிள்ளை' என்று கூப்பிடுகிறார். பெயர்கள் வேண்டாம் என்று இருவருமே கேட்டுக்கொண்டார்கள்.

அவர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த பாட்டு 'ஸ்லோலி'. வெப் பியர்ஸ் பாடி 1954-இல் வெளிவந்த அமெரிக்க கன்ட்ரி பாட்டு. அந்த வகைப் பாடல்களின் பட்டியலில் பதினேழு வாரம் முதலிடத்தில் நின்றது. பாடகரைவிட அதன் முகப்பில் வரும் ஸ்டீல் கித்தார்தான் வரலாறாகிவிட்டது. வாசித்தவர் பட் ஐசக்ஸ்; கருவியைச் செய்தவர் கலிஃபோர்னியாவின் பால் பிக்ஸ்பி. அதற்கு முன்பும் பெடல் வைத்த ஸ்டீல் கித்தார்கள் உண்டு. ஒரு சுருதி அமைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொள்ளத்தான் பெரும்பாலும் பெடலை மிதித்தார்கள். ஐசக்ஸ் தந்திகள் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மிதித்தார். ஒரு சுரம் அசையாமல் நிற்க, மற்ற இரண்டும் வழுக்கி மேலே ஏறின. கேட்டவர்களுக்கு அது புதிய ஒலி. நாஷ்வில்லில் ஸ்டீல் வாசித்தவர்கள் ஒவ்வொருவராகப் பெடலுக்கு மாறினார்கள்.

பெரியவரிடம் இந்தப் பாட்டு வந்துசேர்ந்தது பட்டர்வர்த் விமானத் தளத்தின் வழியே. அந்தத் தளம் 1950-களின் பிற்பகுதியிலிருந்து 1988 வரை ஆஸ்திரேலிய விமானப் படையின் கையில் இருந்தது. பெரியவரின் தகப்பனார் அங்கே சமையற்கட்டில் வேலை செய்தவர். பையனாக அப்பாவுக்குச் சோற்றுப் பாத்திரம் கொண்டுபோனபோது படைவீரர்களின் இசைத்தட்டில் இந்தப் பாட்டைக் கேட்டிருக்கிறார். அறுபது ஆண்டுகளாக அது அவர் காதுக்குள் இருக்கிறது.

அந்த முகப்பு நமக்கு எளிதாகவே பிடிபடும். ச, க, ப மூன்றும் சேர்ந்து ஒலிக்கின்றன. ச அப்படியே நிற்கிறது. க அரைச்சுரம் ஏறி மத்திமமாகிறது. ப முழுச்சுரம் ஏறித் தைவதமாகிறது. ச-க-ப, ச-ம-த ஆயிற்று. அவ்வளவுதான். இரண்டு சுரங்கள் வெவ்வேறு தூரத்தை ஒரே நேரத்தில் கடக்கின்றன, மூன்றாவது நகரவே இல்லை. பெடல் ஸ்டீலில் கால் அழுத்தினால் கருவிக்கு அடியிலுள்ள கம்பிகள் தந்தியின் முனையை இழுத்து இந்த வேலையை முடித்துவிடும். இடக்கை உருளை இருந்த இடத்திலேயே இருக்கும்.

பெரியவரிடம் அந்தக் கருவி இல்லை. நல்லதாகப் புதிதாக வாங்கினால் பத்தாயிரம் ரிங்கிட்டைத் தாண்டும். அவரிடம் இருப்பது ஆறு தந்தி லேப் ஸ்டீல். நம்மவர்கள் ஹவாயன் கித்தார் என்று சொல்லும் வகை. பெடலும் இல்லை, முழங்கால் நெம்புகோலும் இல்லை. நேரான உருளை ஒன்றுதான். நேரான பொருளை வைத்துக்கொண்டு வளைவான வேலையைச் செய்யவேண்டும்.

இந்தக் கருவி இங்கே வந்த வழி நீளமானது. ஹவாயில் ஓவாஹு தீவின் ஜோசப் கெக்குக்கு என்ற பள்ளிச் சிறுவன், 1889 வாக்கில், ரயில் தண்டவாளத்தருகே கிடந்த இரும்புத் துண்டைத் தந்தியில் வைத்து இழைத்துப் பார்த்ததில் தொடங்கியது என்பார்கள். 1915-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பெரிய உலகக் கண்காட்சிக்குப் பிறகு அது அமெரிக்கா முழுக்கப் பரவியது. ஹவாய்க் கலைஞர்கள் கப்பலேறி ஆசியத் துறைமுகங்களுக்கு வந்தார்கள். டாவ் மோ குடும்பம் 1920-களின் இறுதியில் புறப்பட்டு ஆசியா நெடுகச் சுற்றி, 1940-களில் பல ஆண்டுகள் கல்கத்தாவில் தங்கியது. இந்தியாவில் இந்தக் கருவி வேரூன்றியதில் அவர்களுக்குப் பங்குண்டு. அங்கே ஹவாயன் கித்தார் வாசித்த வான் ஷிப்லியின் இசைத்தட்டுகளை வீட்டில் வைத்திருந்தவர்களுக்கு அந்தக் குரல் தெரிந்திருக்கும். மலாயாவிலும் ஹவாய் இசைக்குழுக்கள் இருந்தன. பினாங்கில் 1930-கள் முதல் 1960-கள் வரை யார் யார் என்னென்ன வாசித்தார்கள் என்பதைத் தேடித் தொகுத்து பால் அகஸ்டினும் ஜேம்ஸ் லாக்ஹெட்டும் 2015-இல் ஒரு நூல் கொண்டுவந்தார்கள். பட்டறை மேசையில் அதன் பிரதி ஒன்று கிடந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போகமுடியவில்லை. மலேசிய தேசிய கீதமான 'நெகாராக்கு'வின் மெட்டு, 'தெராங் புலான்' என்ற பெயரில் ஊரெல்லாம் பாடிய மெட்டுதான். பேராக் மாநில கீதமும் அதுவே. ஃபெலிக்ஸ் மெண்டல்சனின் ஹவாயன் செரினேடர்ஸ் குழு லண்டனில் 1947-இல் அதை 'மாமுலா மூன்' என்று ஸ்டீல் கித்தாரோடு பதிவு செய்தது. பத்து ஆண்டு கழித்து நாடு விடுதலையடைந்தபோது அதே மெட்டு தேசிய கீதமானது. அதை வாசித்துக் காட்டுவீர்களா என்று பெரியவரிடம் கேட்டேன். கருவியிலிருந்து கையை எடுத்துவிட்டார். "அதுக்கு எழுந்து நிக்கணும் தம்பி. மடியில வச்சு வாசிக்கக் கூடாது."

பாட்டுக்குத் திரும்பினோம்.

அவருடைய கருவி 'சி சிக்ஸ்' சுருதியில் கட்டப்பட்டது. கீழிருந்து மேலாக ச, க, ப, த, ச, க. இந்தச் சுருதியைப் பரவலாக்கியவர் ஜெர்ரி பேர்ட். நாஷ்வில்லில் எல்லோரும் பெடலுக்குப் போனபோது போகமாட்டேன் என்று நின்று, 1972-இல் ஹவாய்க்கே குடிபெயர்ந்து, 2005-இல் இறக்கும்வரை பெடல் இல்லாத ஸ்டீலையே வாசித்தவர், கற்றுக்கொடுத்தவர். பெரியவர் பேர்டின் பெயரைச் சொல்லும்போது குரல் தாழ்கிறது.

இந்தச் சுருதியில் தைவதம் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. நான்காம் தந்தி ப, மூன்றாம் தந்தி த. ஆகவே 'ப'வைத் 'த'வாக இழுக்கவேண்டியதில்லை; நான்காம் தந்தியை அணைத்துவிட்டு மூன்றாம் தந்தியை மீட்டினால் போதும். மிச்சம், முதல் தந்தியின் காந்தாரத்தை மத்திமமாக்குவது. அதற்கு முதலில் அவர் எடுத்தது சாய்வு. உருளையின் மூக்கு ஒரு கோடு, அதாவது ஓர் அரைச்சுரம், முன்னே போகும்படி சாய்த்தால், இரண்டாம் தந்தியில் ச நிற்க, முதல் தந்தியில் ம கிடைக்கும். மத்திமம் பெடல் வைத்ததுபோலவே வழுக்கி வரும். ஆனால் உருளை நேரானது. முதல் தந்தியில் ஒரு கோடு முன்னே போனால் மூன்றாம் தந்தியில் ஒரு கோடு பின்னே இறங்கித்தான் தீரும். சதுச்ருதி தைவதம் சுத்த தைவதமானது அதனால்தான். அவர் கை பிசகவில்லை, உருளையின் வடிவம் அப்படி.

சாய்வுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. 22.5 அங்குல நீளமுள்ள தந்தியில் பன்னிரண்டாம் கோட்டுக்கும் பதின்மூன்றாம் கோட்டுக்கும் இடையே சுமார் 16 மில்லிமீட்டர். மூன்றாம் கோட்டுக்கும் நான்காம் கோட்டுக்கும் இடையே 27 மில்லிமீட்டர். கீழே போகப் போக உருளையை இன்னும் அதிகமாகச் சாய்க்கவேண்டும், சுருதி தப்ப இன்னும் அதிக வாய்ப்பு. அதனால் முகப்பு முழுவதையும் பத்தாம் கோட்டுக்கு மேலே ஏற்றிக்கொண்டார். குரலுக்கு அந்த இடம் தோதாக இல்லை. "பாடறவங்க பார்த்துக்கட்டும்" என்றார், உறுதியாக.

அடுத்தது இழுப்பு. உருளை நேராக நிற்கும். அதற்குப் பின்னால், இடப்பக்கம், மோதிர விரல் முதல் தந்தியைக் கொக்கி போட்டு இழுக்கும். ச நிற்கிறது, த நிற்கிறது, க ஏறி ம ஆகிறது. மூன்று சுரமும் சரி. காலும் இரும்புக் கம்பிகளும் செய்த வேலையை ஒரு விரல் செய்கிறது. முதல்முறை அது சரியாக விழுந்தபோது அந்தப் பெண் ஈயப்பற்றுக் கோலை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். நானும் மூச்சை விட்டேன். ஆனால் பெரியவரின் மோதிர விரலில் முடக்குவாதம். நான்காம் தடவை விரல் கேட்கவில்லை. சுருதி மத்திமத்தைத் தொடுமுன் நின்றுவிட்டது.

"மெல்லிசு தந்தி போடவா அங்கிள்?" என்றார் அந்தப் பெண்.

முதல் தந்தியின் தடிமன் அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு. பதின்மூன்றாகக் குறைத்தார். அதே சுருதிக்கு மெல்லிய தந்தி குறைந்த இறுக்கத்தில் நிற்கும், விரலுக்குச் சுமை குறையும். மாற்றி முடிக்கப் பத்து நிமிடம். பெரியவர் வாசித்துப் பார்த்தார். இழுப்பு வந்தது. ஆனால் நாதம் ஒடுங்கிவிட்டதை அவர் முகமே சொன்னது. உருளையின் பாரத்துக்கு மெல்லிய தந்தி ஈடுகொடுக்கவில்லை. ஒன்றும் பேசாமல் இன்னும் கொஞ்ச நேரம் வாசித்தார். பிறகு பழைய தந்தியையே போடச் சொன்னார்.

கடைசியில் அவர் செய்தது இது. முகப்பில் அந்த நகர்வு திரும்பத் திரும்ப வருகிறது. முதல் தடவை மட்டும், வலியைப் பொறுத்துக்கொண்டு, விரலால் இழுப்பார். மூன்று சுரமும் கேட்கும். அடுத்தடுத்து வரும்போது சாய்வு. அதில் மூன்றாம் தந்தியைத் தொடுவதே இல்லை. ச-வும் ம-வும் மட்டும். தைவதத்தை ஒரு கணம் முன்னாலேயே, உருளை நேராக இருக்கும்போதே, தனியாகக் கட்டைவிரலால் தட்டிவிடுகிறார். அது ஒலித்து அடங்கும் நேரத்தில் மத்திமம் ஏறி வருகிறது. கேட்பவர் காது மூன்றையும் தானே சேர்த்துக்கொள்கிறது. முதல் தடவை முழுதாகக் கேட்டுவிட்டதால் குறை தெரியவில்லை. பெடல் ஸ்டீலில் வாசித்ததைச் சுரம் சுரமாக இதில் பெயர்க்க நினைத்தால் தோற்றுத்தான் போவோம் என்று எனக்கு அப்போது உறுதியாகத் தெரிந்தது. எந்தச் சுரத்தை எந்தக் கணத்தில் விட்டுவிடலாம் என்று தெரிந்தவர்தான் பாட்டைக் கொண்டுவந்து சேர்க்கிறார்.

நம்முடைய கோட்டு வாத்தியத்தை நினைக்காமல் இருக்கமுடியவில்லை. அதுவும் தந்தியின்மேல் உருளும் கட்டைதான். செம்மங்குடி சீனிவாசய்யர் இளமையில் பாடம் கேட்ட திருவிடைமருதூர் சகாராம ராவும், பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகளும் வளர்த்த வாத்தியம். ஒரு சுரம் நிற்க மற்றொன்று நகர்வது அங்கே தொல்லையே இல்லை. நிற்பதற்கென்றே பக்கத்தில் மூன்று தாளத் தந்திகள் இருக்கின்றன. நகர்வது முழுக்கக் கட்டையின் பாடு. ஹவாயிலிருந்து அமெரிக்கா போன கருவியில் மூன்று சுரமும் ஒரே உருளையின்கீழ் மாட்டிக்கொண்டன. அந்தச் சிக்கலை அவிழ்க்கத்தான் பெடல் வந்தது. இதைச் சொன்னேன். பெரியவர் தலையாட்டினார். "எங்கம்மா மாரியம்மன் தாலாட்டு பாடறப்போ ஒரு சுரத்துலயும் நின்னதே இல்ல" என்றார். லெபோ குயினில் 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில் பட்டறையிலிருந்து நடந்துபோகிற தூரம்தான்.

மதியத்துக்குமேல் அந்தப் பெண் மர அலமாரியிலிருந்து இன்னொரு லேப் ஸ்டீலை எடுத்துக்காட்டினார். தாத்தாவுடையது என்று யாரோ கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். ஒலியெடுக்கும் கம்பிச்சுருள் அறுந்திருந்தது, ஒலிக்கட்டுப்பாட்டுக் குமிழ் துருவேறிச் சுற்றவில்லை. அவையெல்லாம் சரிசெய்யக்கூடியவை. சுருதி? தாத்தா எந்தச் சுருதியில் வாசித்தார் என்று வீட்டில் எவருக்கும் தெரியாது. சுருதி தெரியாவிட்டால் அவர் எந்தச் சுரங்களைச் சேர்த்தார், எதை விட்டார், எங்கே சாய்த்தார் என்று எதுவும் தெரியாது. ஆனால் கருவியில் ஆறு துருப்பிடித்த தந்திகள் மிச்சமிருந்தன. நுண்ணளவியால் ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று இடத்தில் அளந்து, துருவைக் கழித்து, ஒரு நோட்டில் அந்தப் பெண் எழுதிவைத்திருக்கிறார். நான்காம் தந்தியும் மூன்றாம் தந்தியும் தடிமனில் நெருங்கியிருந்தன. அடுத்தடுத்த சுரங்கள் என்பதற்கு அது அடையாளம். 'சி சிக்ஸ்' வகைச் சுருதியாக இருக்கலாம் என்பது அவர் கணிப்பு. பெரியவர் வாங்கி, கண்ணருகே வைத்துப் பார்த்து, "இருக்கும் பிள்ளை" என்றார்.

பெரியவர் 'ஸ்லோலி'க்குக் கண்டுபிடித்த வழியையும் அதே நோட்டில் அந்தப் பெண் எழுதிக்கொண்டார்: எந்தத் தந்தி, எந்தக் கோடு, எங்கே இழுப்பு, எங்கே சாய்வு, தைவதம் எப்போது. பக்கத்தின் மேலே முதலில் எழுதியது சுருதியைத்தான்.

உங்கள் வீட்டு அலமாரிமேல் அப்படியொரு ஹவாயன் கித்தார் கிடந்தால், பழுதுபார்க்கக் கொடுக்குமுன் பழைய தந்திகளைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள். எது எந்த இடத்தில் இருந்தது என்று ஒன்று முதல் ஆறு வரை சீட்டு ஒட்டி எடுத்து வையுங்கள். வாசித்தவர் உயிரோடு இருந்தால், இன்றைக்கே போய் அவர் சுருதியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.