சி.வி. சேர்த்த பாட்டும் நான் தொலைத்த பாட்டும்

அட்டனிலிருந்து நுவரெலியா செல்லும் வழியில் தலவாக்கலையைக் கடக்கும்போதெல்லாம் சி.வி. வேலுப்பிள்ளையின் நினைவு வரும். வட்டகொடைக்கு அருகேயுள்ள மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914இல் கங்காணிக் குடும்பமொன்றில் பிறந்தவர். 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். மறு ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து, அவரைத் தெரிவுசெய்த மக்களின் வாக்குரிமையும் பறிபோயிற்று. தொழிற்சங்கவாதி, ஆங்கிலக் கவிஞர், நாவலாசிரியர் என்று அவரைப் பற்றி எழுத நிறைய உண்டு. எனக்கு அவர் பாட்டுச் சேர்த்தவர்.

லயத்துத் தாலாட்டையும் ஒப்பாரியையும் பொருட்படுத்துவோர் அருகியிருந்த காலத்தில் அவற்றைக் கேட்டு எழுதி வைத்தார். 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983இல் நூலாயிற்று. அடுத்த ஆண்டு அவர் மறைந்தார்.

தோட்டங்களின் வரலாற்றைத் துரைமாரின் அறிக்கைகளிலிருந்தும் செக்ரோலிலிருந்தும் எழுதிவிடலாம். எத்தனை பேர், எத்தனை இறாத்தல் கொழுந்து என்பதெல்லாம் அவற்றில் இருக்கும். மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்த பாதையில் யாரைப் புதைத்துவிட்டு வந்தார்கள், அதை எப்படித் தாங்கினார்கள் என்பதற்குப் பாட்டுத்தான் சாட்சி. எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் ஆவணம் அது. சி.வி.யை நான் வரலாற்றாசிரியர் என்பதும் அதனாலேயே.

இதை நான் காலந்தாழ்த்தி உணர்ந்தவன். 1993இல், செய்தியாளனாகிய புதிதில், விடுமுறைக்குத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். தாத்தா இறந்தபோது வைத்த ஒப்பாரியைப் பாடும்படி அப்பாயியைக் கேட்டேன். "நல்லா இருக்கிற வீட்டுல ஒப்பாரி வைக்கக் கூடாதுய்யா" என்று மறுத்தார். பிறகு என் தொல்லை பொறுக்காமல் இஸ்தோப்பைத் தாண்டி இறங்கி, தேயிலைச் செடிகளோரம் நின்று பாடினார். ஒலிநாடாவின் ஒரு பக்கம் முழுதும் பதிந்தேன்.

இரண்டு வாரங்களில் கொழும்பில் சம்பளப் பேச்சுவார்த்தை. கையில் வேறு நாடா இல்லை. ஒரு தலைவரின் பேட்டியை அதன்மேலேயே பதிவுசெய்தேன். அப்பாயிதானே, அடுத்த முறை கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்தத் தலைவர் சொன்னது எதுவும் இன்று எனக்கு நினைவில் இல்லை. தீபாவளிக்குப் போனபோது மீண்டும் கேட்டேன். "அது வந்தப்ப வந்ததுய்யா" என்றார். அவ்வளவுதான்.

சி.வி.யின் நூலில் அந்த வரிகளைத் தேடிப் பார்த்தேன். இல்லை, இருக்க நியாயமுமில்லை. நாடா இன்னும் என்னிடம் இருக்கிறது. பேட்டி முடிந்தபின் கொஞ்ச நேரம் பழைய பதிவு ஓடும். பாட்டு முடிந்திருக்கும். காற்றின் இரைச்சலுக்கு நடுவே அப்பாயியின் குரல், "போதுமாய்யா?" என்று கேட்கும்.