கோணமலைக் கரையில் மூன்று நாட்கள்

விடுமுறை வந்ததும் கடற்கரைக்குப் போகவேண்டும் என்று பிள்ளைகள் கேட்பது வழக்கம். போய் என்ன செய்வது என்று பெரியவர்கள் சிந்திப்பதோ அரிது. மணலில் அமர்ந்து கச்சான் தின்று, கால் நனைத்துத் திரும்பிவிடுகிறோம். சென்ற ஆவணி விடுமுறையில் நாம் குடும்பத்துடன் திருகோணமலையில் மூன்று நாட்கள் தங்கினோம். அங்கே கண்டவற்றையும், எமக்கு நேர்ந்த ஒரு வெட்கத்தையும் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

கிழக்குக் கடலுக்குப் பருவம் உண்டு. ஐப்பசி தொடக்கம் தை வரை வாடையும் மழையும் அலையும் மிகும். வைகாசி முதல் புரட்டாதி வரை கடல் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். நீராட விரும்புவோர் இக்காலத்தைத் தெரிந்துகொள்வது நலம். அப்போதும் கரையோர மீனவரைக் கேளாது ஆழத்தில் இறங்கலாகாது.

முதல்நாள் வைகறையிற் கோணேசர் கோயிலுக்குச் சென்றோம். பிரெட்றிக் கோட்டை வாயிலினூடாக நுழைந்து, புள்ளிமான்கள் உலாவும் பாதையால் மலையேறவேண்டும். ஞானசம்பந்தர் பாடிய பழங்கோயில் இன்று இல்லை. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் போர்த்துக்கேயர் அதனை இடித்து, அதன் கற்களைக் கோட்டை கட்டப் பயன்படுத்தினர். 1950இல் கிணறு தோண்டியபோது மண்ணுள் மறைந்திருந்த வெண்கலத் திருவுருவங்கள் வெளிப்பட்டன. 1956இல் மலையடிக் கடலில் மூழ்கிய ஆதர் சி. கிளார்க், மைக் வில்சன் ஆகியோர் பழங்கோயிலின் தூண்களைக் கண்டனர். இன்று நாம் வணங்கும் கோயிலுக்கு 1963இல் குடமுழுக்கு நிகழ்ந்தது. இராவணன் வெட்டின் அருகில் நின்று இவற்றைப் பிள்ளைகளுக்குச் சொன்னோம். "கடல் பத்திரமாக வைத்திருந்திருக்கிறது" என்றாள் மகள்.

இரண்டாம்நாள் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குச் சென்றோம். அருகருகே அமைந்த ஏழு சிறு கிணறுகள். ஒன்றன் சூடு மற்றொன்றில் இல்லை. தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் உண்டாக்கியவை என்பது ஐதிகம். ஏழிலும் மாறி மாறி நீர் அள்ளி வார்ப்பதிற் பிள்ளைகளுக்குப் பொழுது போனதே தெரியவில்லை.

மூன்றாம்நாள் வடக்கே நிலாவெளிக்குச் சென்று, அங்கிருந்து படகேறிப் புறாத்தீவை அடைந்தோம். மாடப்புறாக்கள் வாழ்வதால் வந்த பெயர். 2003இல் இது தேசியப் பூங்காவாயிற்று. முகக்கண்ணாடி அணிந்து நீருள் நோக்கினால், முருகைக்கற் பாறைகளிடையே பல நிற மீன்கள் திரிவதைக் காணலாம். பாறைமீது கால் வைக்கலாகாது, அது உயிருள்ளது.

புறப்படும் வேளையில் இளைய மகன் கரையிற் கிடந்த வெண்ணிற முருகைக்கல் ஒன்றைச் சட்டைப் பையில் இட்டுக்கொண்டான். படகோட்டும் பெரியவர் அதைக் கண்டுவிட்டார்.

"தம்பி, அதை எடுத்த இடத்திலேயே போட்டு விடுங்கோ."

"செத்துக் கரையொதுங்கியதுதானே ஐயா?" என்று நாமே பரிந்து பேசினோம்.

"செத்த கல்லும் கடலுக்கு வேணும் மாஸ்டர். அதிலேதான் புது முருகை ஒட்டி வளரும். வாறவர் எல்லாரும் ஒவ்வொன்று கொண்டுபோனால் இந்தத் தீவிலே என்ன மிஞ்சும்?"

எமக்கு மறுமொழி இல்லை. மகன் கல்லைக் கீழே வைத்தான். பிறகு எம்மை நிமிர்ந்து பார்த்து, "அப்பா, உங்கள் மேசையில் இருக்கிற கல்லும் இங்கே எடுத்ததுதானே?" என்றான்.

உண்மை. 2002இல், பல்கலைக்கழக மாணவராய்த் தோழருடன் இங்கு வந்தபோது, நீருள் நின்ற முருகையை முறித்து எடுத்தோம். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அது எமது மேசையிற் காகிதங்கள் பறவாது காத்துவருகிறது. திரண்டு வளரும் முருகைக்கல் ஓராண்டில் ஒரு சதமமீற்றர் வளர்வதே பெரிது என்பதை அப்போது நாம் அறியோம். 2004 மார்கழி 26ஆந் திகதி ஆழிப்பேரலை இக்கரையிலும் எத்தனையோ வீடுகளை வெறுமையாக்கிற்று. தென்மேற்குக் கரையில் முருகைக்கல் அகழப்பட்ட இடங்களில் அந்நீர் கூடிய தூரம் உட்புகுந்ததாகப் பின்னர் ஆய்வாளர் கண்டனர். கடலுக்கும் ஊருக்கும் இடையில் நின்ற வேலியில் ஒரு கல்லை நாமும் பிடுங்கியிருக்கிறோம்.

முறித்ததை இனி ஒட்டவைக்க இயலாது. ஆயினும் வீடு திரும்பியபின் அக்கல்லை மேசையில் வைத்திருக்க மனம் ஒப்பவில்லை. வகுப்பறைக்கு எடுத்துச் சென்று, அது எமது கைக்கு வந்த கதையை மறைக்காமல் மாணவருக்குச் சொன்னோம். கல் கைமாறிக் கைமாறிச் சென்றது. கடைசி வாங்கில் இருந்த மாணவன் அதை நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சேர், இதற்கு எத்தனை வயது இருக்கும்?" என்று கேட்டான்.

மறுவிடுமுறைக்கு அவ்வகுப்பையே நிலாவெளிக்கு அழைத்துச் செல்ல எண்ணியுள்ளோம். போகுமுன் ஒவ்வொருவர் சட்டைப் பையும் வெறுமையாய் இருக்கவேண்டும், திரும்பும்போதும் அவ்வாறே.