வால்வோவுக்குள் கமாரோ

“எஞ்சினை உள்ளே உட்கார வைப்பது பெரிய வித்தை இல்லை. அதற்கப்புறம்தான் வேலையே” என்றார் கேரேஜ் உரிமையாளர். கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரில், டயர் கடைகளுக்கும் பெயின்ட் கடைகளுக்கும் நடுவே இருக்கிறது அவருடைய பட்டறை. அறுபதை நெருங்கும் மெக்ஸிகோக்காரர். ஒயரிங் பார்க்க ஓர் இளைஞர், வெல்டிங்குக்கு ஒரு பெண்மணி. ஆக மொத்தம் மூன்றே பேர்.

நான் போனபோது லிஃப்டில் ஏறி நின்றது 1989-ம் ஆண்டு வால்வோ 240 ஸ்டேஷன் வேகன். பிறந்தபோது அதற்கு இருந்தது 2.3 லிட்டர், நான்கு சிலிண்டர், 114 குதிரைத்திறன். இப்போது அதன் மூக்குக்குள் இருப்பது 2000-ம் ஆண்டு செவ்ரோலே கமாரோ ஒன்றிலிருந்து கழற்றிய எல்.எஸ்.1 எஞ்சின், 5.7 லிட்டர் வி8, 305 குதிரைத்திறன். இதன் பிளாக் அலுமினியம் என்பதால், பழைய இரும்பு எஞ்சின் இருந்த இடத்தில் எடை பயமுறுத்தும் அளவுக்குக் கூடிவிடவில்லை. அமெரிக்காவில் எஞ்சின் மாற்றும் பித்துப் பிடித்தவர்கள் இந்த வகை எஞ்சினைத் தேடி அலைவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கலிஃபோர்னியாவில் இப்படி மாற்றலாமா என்றால், தாராளமாக மாற்றலாம். ஆனால் ‘ஸ்மாக் செக்’ என்ற புகைச் சோதனையில் தேறாவிட்டால் பதிவைப் புதுப்பிக்க முடியாது. சில ஆண்டுகள் ஓடிய பெரும்பாலான கார்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இந்தச் சோதனை. 1975 வரையிலான பெட்ரோல் கார்களுக்கு விலக்கு உண்டு. அந்தக் காலத்து வண்டிகளுக்கு இங்கே இருக்கும் மவுசில் பாதி இதனால்தான் என்று உரிமையாளர் சிரித்தார்.

இந்தக் கெடுபிடி சும்மா வந்துவிடவில்லை. 1943-ல் லாஸ் ஏஞ்சலிஸைக் கண் எரியும் புகைமூட்டம் சூழ்ந்தது. எரியாத பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து அதை உண்டாக்குகின்றன என்று 1950களின் தொடக்கத்தில் காட்டியவர் கால்டெக்கைச் (கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகம்) சேர்ந்த ஆரி ஹாகன்-ஸ்மிட். 1967-ல் மாநிலத்தின் காற்றுவள வாரியம் அமைந்தபோது அவரே முதல் தலைவரானார். ஸ்மாக் செக் 1984-ல் தொடங்கியது. இதில் லிஃப்டில் நிற்கும் வண்டிக்கும் ஒரு பங்கு உண்டு. புகையைச் சுத்திகரிக்கும் மூவழி கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் ஆக்சிஜன் சென்சரும் சேர்ந்து முதன்முதலில் விற்பனைக்கு வந்தது, கலிஃபோர்னியாவுக்கென்று வால்வோ அனுப்பிய 1977 மாடல் 240 கார்களில்தான். அந்தச் சென்சரின் பெயரை ‘லாம்டா சோண்ட்’ என்று முன் கிரில்லிலேயே பெருமையாகப் பட்டயம் பொறித்து விற்றார்கள்.

எஞ்சின் மாற்றத்துக்கான விதி இதுதான்: வரும் எஞ்சின், வண்டி பிறந்த ஆண்டைச் சேர்ந்ததாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருக்க வேண்டும். அது சான்று பெற்ற புகை அளவுகோல் வண்டியினுடையதைவிடத் தளர்வாக இருக்கக்கூடாது. கனரக வண்டியின் எஞ்சினைக் காரில் வைக்கக்கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், அந்த எஞ்சினோடு பிறந்த புகைக்கட்டுப்பாட்டுச் சாமான்கள் அத்தனையும் கூடவே வர வேண்டும். ஒன்றை இங்கே, ஒன்றை அங்கே என்று கலந்தால் செல்லாது.

ஆகவே, கமாரோவின் எஞ்சினை மட்டும் வாங்கினால் போதாது. இரண்டு கேட்டலிடிக் கன்வெர்ட்டர்கள், நான்கு ஆக்சிஜன் சென்சர்கள், புகையில் ஒரு பங்கை மறுபடி எஞ்சினுக்குள் அனுப்பும் ஈ.ஜி.ஆர். வால்வு, குளிர்ந்த எஞ்சின் கிளம்பும்போது புகைக்குழாய்க்குக் காற்றூதும் பம்பு, பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கரிப் பெட்டி, கம்ப்யூட்டர், ஒயரிங் எல்லாம் வேண்டும். வேறு மாநிலங்களில் இவற்றில் பாதியைக் கழற்றிக் கிடப்பில் போட்டுவிடுவார்கள். உரிமையாளர் அடிபட்ட கமாரோவை முழுதாகவே வாங்கிவிட்டார். சில்லறையாகத் தேடி வாங்குவதைவிட இதுவே மலிவாம்.

புகைக்குழாய் முழுக்க வெல்டர் அம்மாவின் ராஜ்யம். வால்வோவின் ஸ்டியரிங் தண்டு இடப்பக்க மேனிஃபோல்டில் இடிக்கிறது. கண்ட கடையில் விற்கும் ஹெடரை (மாற்று மேனிஃபோல்டை) மாட்டி ஒதுங்கவும் முடியாது; காற்றுவள வாரியம் அனுமதித்து அளித்த விலக்கு எண் உள்ள ஹெடர்தான் செல்லும். கன்வெர்ட்டரைப் பின்னுக்குத் தள்ளி வைத்தால் இடம் கிடைக்கும். ஆனால் அது சூடேறத் தாமதமாகும், சூடேறாத கன்வெர்ட்டர் வெறும் டப்பா. அதனால் கமாரோவில் எவ்வளவு தூரத்தில் இருந்ததோ, ஏறக்குறைய அதே தூரத்தில் வைத்து, குழாயை வளைத்து வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மாற்றுக் கன்வெர்ட்டர் போட்டால் அதன் உடம்பில் பொறித்த எண் சோதனைக்காரர் கண்ணில் படும்படி திருப்பி வைத்துத்தான் பற்றவைப்பாராம்.

இளைஞருக்கு வந்தது இன்னும் பெரிய தலைவலி: பெட்ரோல் டாங்க். 1996 முதல் அமெரிக்கக் கார்களின் கம்ப்யூட்டர், பெட்ரோல் ஆவி எங்காவது கசிகிறதா என்று தானே சோதித்துக்கொள்கிறது. அதற்கு டாங்கில் அழுத்த சென்சர் வேண்டும்; 1989 வால்வோ டாங்கில் அதற்கு இடமே கிடையாது. பெட்ரோல் அளவு ஏறத்தாழ 15 முதல் 85 சதவீதத்துக்குள் இருந்தால்தான் அந்தச் சோதனையே நடக்கும். வால்வோவின் மிதவை தரும் மின்தடையோ அமெரிக்கக் கம்ப்யூட்டருக்குப் புரியாது. கடைசியில் டாங்கின் மேல்தட்டை வெட்டி, கமாரோவின் பம்பு, மிதவை, சென்சர் மூன்றையும் ஒரே தொகுப்பாக இறக்கினார்கள். எனக்கு இந்தத் தொழிலின் உச்சம் என்று பட்டது இந்த இடம்தான். ஓட்டுகிறவருக்கு இது இருப்பதே தெரியாது. காரின் வேகமும் இதனால் ஒரு துளிகூட ஏறாது.

பிறகு ஓட்டம். பேட்டரியைக் கழற்றினால் கம்ப்யூட்டர் தன் சுயசோதனைப் பதிவுகளை மறந்துவிடும். இரவு முழுக்கக் குளிர்ந்த எஞ்சினைக் காலையில் கிளப்பி, நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் போய், பிரேக் தொடாமல் வேகம் தணித்து என்று ஒரு முறைப்படி ஓட்டினால்தான் ஒவ்வொரு பதிவாக நிரம்பும்.

எஞ்சின் மாறிய வண்டிக்குச் சாதாரண ஸ்மாக் கடையில் முதல் சான்று தரமாட்டார்கள். ‘ரெஃப்ரீ’ எனப்படும் சிறப்புச் சோதகரிடம் நேரம் குறித்துக்கொண்டு போக வேண்டும். இவர்களின் நிலையங்கள் பல, சமூகக் கல்லூரி வளாகங்களில் இருக்கின்றன. அங்கும் கூடப் போனேன். டார்ச்சும் கண்ணாடியுமாக வண்டிக்கு அடியில் படுத்தவர் எளிதில் எழுந்திருக்கவில்லை. நம்மூர்ப் புகைச் சான்றிதழ்க் கடையில் பானெட்டைத் திறந்து யாரும் பார்ப்பதில்லை. சைலன்சருக்குள் குழாயைச் செருகி, அளந்து, தாளை நீட்டிவிடுவார்கள். இங்கே புகை சுத்தமாக வந்தால் மட்டும் போதாது, சாமான் குறைந்தாலும் தோல்விதான்.

தோல்வியும் வந்தது. கார்க்காரர் முந்தின வாரம் ஆசைப்பட்டு வாங்கி, பட்டறைக்குச் சொல்லாமல் மாட்டிய பளபளப்பான கூம்பு வடிவ ஏர் ஃபில்டரில் விலக்கு எண் இல்லை. உரிமையாளர் ஸ்பானிஷில் முணுமுணுத்ததை யாரும் எனக்கு மொழிபெயர்க்கவில்லை. கமாரோவின் பழைய ஃபில்டர் பெட்டியை மாட்டிக்கொண்டு மறுபடி போனபோது தேறியது. கதவு நிலையில் ரெஃப்ரீ ஒரு லேபிளை ஒட்டினார். இனி எந்த ஸ்மாக் கடையும் அதைப் பார்த்தே சோதிக்கும்.

விதி அளவுக்கு மீறியது என்று சொல்வோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 305 குதிரைத்திறன் மோகத்தில் வந்தவரிடமிருந்து 1989-ஐவிட 11 ஆண்டு புதிய புகைக்கட்டுப்பாட்டை அரசு வாங்கிக்கொண்டுவிட்டதே! கலிஃபோர்னியாவில் எஞ்சின் மாற்றிய கார் வாங்கும் எண்ணம் இருப்பவர்கள் பானெட்டைத் திறக்கும் முன் கதவைத் திறந்து அந்த லேபிளைப் பாருங்கள். அது இல்லையென்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.