மாத்திரைக்கு ஒரு பெயர் உண்டு

அரசு மருத்துவமனை மருந்தகத்தின் சன்னலுக்குள் நின்று வேலை பார்த்தவன் நான். அங்கே வந்தவர்களில் பெரும்பாலானோர் மாத்திரையை நிறத்தை வைத்துத்தான் கேட்பார்கள். "தம்பி, அந்த ரோஸ் கலர் பிரஷர் மாத்திரை." "சார், சின்னதா வெள்ளையா இருக்குமே, அதுதான் எனக்கு." ஓய்வுபெற்ற பிறகும் கல்யாணப் பந்தியிலோ கோயில் பிராகாரத்திலோ பேச்சு எழுந்தால் அதே பதில்தான் கிடைக்கிறது. பேரப்பிள்ளைகளின் நட்சத்திரத்தைத் தப்பாமல் சொல்பவர்கள், பல வருடமாகத் தினமும் விழுங்கும் மருந்தின் பெயரைக் கேட்டால் திகைத்துப்போகிறார்கள். இரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு ஒரே ஒரு விஷயம்தான் சொல்லலாம் என்றால், நான் இதைத்தான் சொல்வேன்: உங்கள் மருந்தின் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கம்பெனி வைத்த பெயர் அல்ல. அதே அட்டையில் அச்சிட்டிருக்கும் மருந்தின் பெயர்.

டெல்மிசார்டன் என்ற ஒரே மருந்து நம் ஊரில் எத்தனையோ கம்பெனிப் பெயர்களில் விற்கிறது. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த டெல்மிசார்டனை ஒழுங்காகச் சாப்பிட்டு வந்தார். நடுவில் காய்ச்சலுக்காக வேறொரு மருத்துவமனையில் சேர்ந்தார். வீட்டுக்கு அனுப்பும்போது பிரஷருக்கென்று இன்னொரு பெயரில் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். பழையதை நிறுத்தும்படி யாரும் சொல்லவில்லை. அவரும் இரண்டையும் போட்டுக்கொண்டார். இரண்டும் டெல்மிசார்டன்தான். விடியற்காலையில் கழிவறைக்குப் போக எழுந்தவர் தலைசுற்றி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அதன்பின் அவர் தனியாக வெளியே நடந்து நான் பார்க்கவில்லை.

பெயரோடு ஒட்டிவரும் எழுத்துகளையும் பாருங்கள். டெல்மிசார்டன் மாத்திரைகளில் கம்பெனிப் பெயருக்குப் பின்னால் 'ஏஎம்' என்று இருந்தால் பெரும்பாலும் உள்ளே அம்லோடிபினும் சேர்ந்திருக்கும். 'ஹெச்' என்றால் ஹைட்ரோகுளோரோதயசைடு, அதாவது சிறுநீரை அதிகமாக்கும் நீர் மாத்திரை. கடையில் 'ஏஎம்' இல்லாத அட்டையைக் கொடுத்துவிட்டால் உங்களுக்கு வேண்டிய மருந்தில் பாதி வரவில்லை என்று பொருள். 'ஏஎம்' வாங்கி, கூடவே தனி அம்லோடிபினையும் போட்டால் ஒன்று இரண்டாகிறது. எண்ணும் அப்படித்தான், 20, 40, 80 எல்லாம் ஒன்றல்ல.

அடுத்தது நிறுத்துகிற பழக்கம். "பிரஷர் நார்மல் ஆயிடுச்சு, மாத்திரை எதுக்கு?" என்று கேட்காத வீடு இல்லை. நார்மல் ஆனது மாத்திரையால்தான் என்பதை எத்தனை முறை சொன்னாலும் மனசு ஒப்புவதில்லை, ஏனென்றால் நிறுத்திப் பார்த்தவர்களுக்கு வேறு அனுபவம் இருக்கிறது. "ரெண்டு நாள் போடாம பார்த்தேன், ஒண்ணும் ஏறலையே" என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அம்லோடிபின் உடம்பை விட்டு மெதுவாகத்தான் வெளியேறும். இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் பிடிக்கும். அந்த இரண்டு நாளும் பழைய மாத்திரைதான் காவல் இருந்தது. பிறகு அழுத்தம் மெல்ல ஏறும், ஏறுவது தெரியாது. தலைவலி வரும், மயக்கம் வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பவருக்குப் பல நேரம் முதல் அறிகுறியே பக்கவாதமாக வந்துவிடுகிறது.

அம்லோடிபினாவது மெதுவாக விலகும். அட்டெனோலால், மெட்டோப்ரோலால் போன்றவை இதயத் துடிப்பை அடக்கி வைத்திருப்பவை. இவற்றைத் திடீரென்று விட்டால் துடிப்பு எகிறும். இதயநோய் உள்ளவருக்கு நெஞ்சுவலி வரலாம், மாரடைப்பே வரலாம். குளோனிடினை நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே அழுத்தம் முன்பைவிட மேலே போய்விடும். நிறுத்த வேண்டிய அவசியம் வந்தால் மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைப்பார். நீங்கள் எந்த வகை சாப்பிடுகிறீர்கள் என்று தெரிந்தால்தானே இந்தப் பயமே வரும்?

இந்த இடத்தில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டை நினைக்கிறேன். 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் இரத்தம் கசிந்து இறந்தார், வயது 63. அழுத்தம் அதிகம் என்பது அவருடைய மருத்துவர்களுக்குத் தெரியும். உப்பைக் குறை, ஓய்வெடு என்பதற்கு மேல் பெரிதாகச் செய்ய அன்று வழி இல்லை. உலகப் போரை நடத்திய நாட்டின் தலைவருக்குக் கிடைக்காத மருந்து இன்று நம் கிராமத்துப் பாட்டிக்கு இலவசமாகக் கிடைக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டு வாசலுக்கே வந்து கொடுக்கிறார்கள். அதை வாங்கி அலமாரியில் அடுக்கி வைத்திருக்கும் வீடுகளைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

இன்னொரு வழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவரைப் பார்க்கப் போகிற நாளில், வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்க வேண்டும் என்று பிரஷர் மாத்திரையையும் போடாமல் போகிறார்கள். அழுத்தம் 170 காட்டுகிறது. மாத்திரை போடவில்லை என்று இவர் சொல்வதில்லை, மருத்துவர் அளவைக் கூட்டி எழுதிவிடுகிறார். மறுநாள் முதல் கூட்டிய அளவை ஒழுங்காகப் போட்டு மயங்கி விழுகிறார்கள். இரத்தப் பரிசோதனைக்காகப் பட்டினி இருந்தாலும், மருத்துவர் வேண்டாம் என்று சொல்லாதவரை, ஒரு வாய்த் தண்ணீரில் பிரஷர் மாத்திரையைப் போட்டுக்கொள்ளலாம். போடவில்லை என்றால் அதைச் சொல்லுங்கள். சர்க்கரை மாத்திரைக்கு இது பொருந்தாது. பட்டினியாக இருக்கும்போது அதைப் போட்டால் சர்க்கரை தாழ்ந்துபோகலாம்.

மாத்திரை ஒருவேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள்; சேர்த்து இரண்டாகப் போடக் கூடாது. காலையா இரவா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பிரிட்டனில் 21,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி 2022-ல் வெளியான ஆய்வில் மாரடைப்பு, பக்கவாதத்தைத் தடுப்பதில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மறக்காமல் போட முடிகிற நேரம் எதுவோ அதுவே நல்ல நேரம். நீர் மாத்திரையை மட்டும் காலையில் போடுங்கள், இல்லாவிட்டால் இரவெல்லாம் எழுந்து நடக்க வேண்டியிருக்கும்.

பெயர் தெரியாததால் வரும் தொல்லைகளில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது ஒன்று உண்டு. அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் தரும். அதைத் தெரியாமல் வீக்கத்துக்கென்று இன்னொரு இடத்தில் காட்டுகிறார்கள். அங்கே நீர் மாத்திரை சேருகிறது. அம்லோடிபின் வீக்கம் நீர் மாத்திரைக்கு அவ்வளவாகக் கேட்காது. ஆனால் உப்பைக் குறைத்துச் சாப்பிடும் முதியவருக்கு அது சோடியத்தைக் கீழே கொண்டுபோய்விடும். "அப்பா இன்னிக்கு என்னமோ மாதிரி பேசுறார்" என்று பதறிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். சோடியம் குறைந்துபோச்சு என்று அங்கே சொல்கிறார்கள். தொடக்கத்திலேயே "நான் அம்லோடிபின் சாப்பிடுகிறேன், கால் வீங்குகிறது" என்று சொல்லியிருந்தால் அளவைக் குறைத்தோ மருந்தை மாற்றியோ முடிந்திருக்கும். எனலாப்ரில், ராமிப்ரில் சாப்பிடுகிறவர்களுக்கு வரும் வறட்டு இருமலும் இப்படித்தான். மாதக்கணக்கில் இருமல் மருந்து குடித்தவர்களை நான் அறிவேன். அந்த மருந்துகளால் உதடோ நாக்கோ வீங்கினால் மட்டும் அடுத்த மாத்திரையைத் தொடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும், மூச்சு அடைத்துவிடும்.

வலி மாத்திரை விஷயத்தில் என்னுடைய தீர்ப்பு கடுமையானது. மூட்டு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் போன்றவை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும், அழுத்தத்தை ஏற்றும், பிரஷர் மருந்தின் வேலையைக் கெடுக்கும். டெல்மிசார்டனும் நீர் மாத்திரையும் சாப்பிடுகிறவருக்குச் சிறுநீரகத்தையே பாதிக்கலாம். சளிக்கான சில மாத்திரைகளில் மூக்கடைப்பு நீக்க ஃபினைலெஃப்ரின் இருக்கும். அதுவும் அழுத்தத்தை ஏற்றக்கூடியது. எதையும் வாங்குவதற்கு முன் "எனக்கு பிரஷர் இருக்கு, இந்த மாத்திரை சாப்பிடுறேன்" என்று பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

நாட்டு மருந்து எந்தக் கெடுதலும் செய்யாது என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நாட்டு மருந்தை நான் மதிக்கிறேன். பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-ல் சர்ப்பகந்தா வேரைக் கொடுத்து அழுத்தம் குறைந்ததை உலகுக்கு எழுதிக் காட்டினார். அதிலிருந்து வந்த ரெசர்பின் பல ஆண்டுகள் உலகெங்கும் பயன்பட்டது. அதே வேர் சிலருக்கு மனச்சோர்வையும் கொடுத்தது. வேலை செய்யும் மூலிகை கெடுதலும் செய்யக்கூடும். தொண்டைக்கு நல்லது என்று நாம் நாள்தோறும் சுவைக்கும் அதிமதுரம், அளவு மீறினால் அழுத்தத்தை ஏற்றிப் பொட்டாசியத்தைக் குறைக்கும். 'லோ சோடியம்' என்று விற்கும் உப்பில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரகம் பழுதானவர் டெல்மிசார்டனோடு அதைச் சேர்த்தால் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடுமாறும். மருத்துவரிடம் கேட்காமல் உப்பைக்கூட மாற்றாதீர்கள்.

வீட்டில் அழுத்தம் பார்க்கிறவர்கள் ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து, கால் தரையில் படிய உட்கார்ந்து, கையை நெஞ்சு உயரத்தில் வைத்து, பேசாமல் பாருங்கள். மாடிப்படி ஏறி வந்ததும் பார்த்த எண்ணுக்கு மாத்திரையைக் கூட்டக் கூடாது. எழுந்து நின்றதும் கண் இருட்டினால் மருத்துவரிடம் நின்ற நிலையிலும் பார்க்கச் சொல்லுங்கள். வயிற்றுப்போக்கும் வாந்தியும் வந்த நாளில் அதே அளவு மாத்திரை ஆபத்தாகலாம், அன்றே கேட்டுவிடுங்கள். முகம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்து நேரத்தைக் கடத்தாமல் 108-ஐ அழையுங்கள். நாக்குக்கு அடியில் நிஃபெடிபின் வைக்கும் பழைய வழக்கம் அழுத்தத்தைப் பாதாளத்துக்குத் தள்ளி உயிரைக் குடித்ததால்தான் மருத்துவ உலகம் அதைக் கைவிட்டது.

பெரியவர்கள் உள்ள வீட்டுப் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். இந்த வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அம்மாவின் மாத்திரை டப்பாவைக் கொட்டி, ஒவ்வோர் அட்டையிலும் உள்ள மருந்தின் பெயர், அளவு, வேளை மூன்றையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். ஒரே பெயர் இரண்டு அட்டையில் இருந்தால் அன்றே மருத்துவரிடம் கேளுங்கள். அந்தத் தாள் பல் பிடுங்கப் போனாலும் கண் காட்டப் போனாலும் அம்மாவின் பையில் கூடவே போக வேண்டும்.